'டைட்-இன்-த-வுல்'னா என்ன? சாயத்தொட்டியில ஆரம்பிச்சு கட்சி மேடை வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

பல வருஷத்துக்கு முன்னாடி ஒரு டாக்குமென்டரிக்கு தமிழ் சப்டைட்டில் போட்டுக்கிட்டு இருந்தேன். ஸ்கிரிப்ட் கிடையாது, ஹெட்போன மாட்டி காதால கேட்டுத்தான் எழுதணும். இங்கிலாந்துல ஒரு தாத்தா, கணப்பு பக்கத்துல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே, "நான் டைட்-இன்-த-வுல் லேபர் கட்சிக்காரன்"னு சொல்றார். எனக்கு காதுல விழுந்தது 'டைட்'. டைட்னா செத்துப்போனது, வுல்னா கம்பளி. ராத்திரி ரெண்டு மணி, தூக்கம் வேற, நான் பாட்டுக்கு "கம்பளிக்குள்ளயே செத்துப்போன லேபர் கட்சிக்காரன்"னு எழுதி அனுப்பிட்டேன். தாத்தா ஸ்கிரீன்ல உயிரோட டீ குடிச்சுக்கிட்டு இருக்கார், கீழ எழுத்துல செத்துட்டார். அப்புறம் வாங்கின திட்டை இங்க எழுத முடியாது.

அந்த ஒரு வார்த்தையை ஒழுங்கா புரிஞ்சுக்கணும்னு அன்னைக்கு உக்காந்தது, அதுவே ஒரு பைத்தியமா போச்சு. இப்ப யாராவது இதுக்கு அர்த்தம் கேட்டா "தீவிரமான, மாறாத"ன்னு டிக்‌ஷனரி சொல்றதை ஒப்பிச்சுட்டு நகர எனக்கு மனசு வர்றதில்ல. ஏன்னா இந்த வார்த்தை சாயம் எவ்ளோ அழுத்தமா ஏறியிருக்குன்னு பேசவே இல்ல, சாயம் எப்ப ஏத்தினாங்கன்னு பேசுது. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுட்டா மிச்சம் எல்லாம் தானா வந்துரும். படிப்படியா போவோம், நடுவுல கொஞ்சம் மஞ்சள் தண்ணியும் கயிறும் தேவைப்படும்.

ஸ்டெப் 1: வார்த்தையை பிரிச்சுப் போடுங்க

இங்கிலீஷ்ல எழுதினா dyed-in-the-wool. முதல் துண்டு 'டைட்'. இங்க இது சாயம்ங்கிற 'டை'ல இருந்து வர்றது, அதாவது தலைக்கு டை அடிக்கிறோமே அதே டை. நடுவுல ஒய் எழுத்து வரும், கடைசியில ஈ-டி. சாவுங்கிற 'டை'க்கு ஐ எழுத்து. சத்தம் ரெண்டுக்கும் அச்சா ஒண்ணுதான், அதனாலதான் நான் மாட்டுனேன். நான் மட்டும் இல்ல, இங்கிலீஷை தாய்மொழியா பேசுறவங்களே செத்துப்போன ஸ்பெல்லிங்கை போட்டு எழுதுறது அடிக்கடி கண்ல படும். ஒரு சமாதானம் என்னன்னா 1500கள்ல ஸ்பெல்லிங்னு ஒரு கட்டுப்பாடே கிடையாது, அப்ப சாயத்துக்கும் ஐ போட்டே எழுதியிருக்காங்க.

அடுத்தது 'இன் த வுல்'. நேரா எடுத்தா "கம்பளி நிலையில". இங்க கம்பளின்னா நம்ம போத்திக்கிற கம்பளி இல்ல, ஆட்டு மேல இருந்து வெட்டி எடுத்த ரோமம், இன்னும் நூலா திரிக்காதது, பஞ்சு மாதிரி பொதபொதன்னு இருக்கிறது. ஆக மொத்தம் "ரோமமா இருக்கும்போதே சாயம் ஏத்துன". இந்த 'போதே'ல இருக்கிற ஏகாரத்தை கவனிச்சு வச்சுக்கங்க, இந்த கட்டுரை மொத்தமும் அந்த ஏகாரத்தைப் பத்தித்தான்.

இலக்கணத்துல இதுக்கு காம்பவுண்ட் அட்ஜெக்டிவ்னு பேரு. ஒரு முழு சொற்றொடரையே ஹைஃபன் போட்டு இறுக்கிக் கட்டி ஒரே பெயரடை மாதிரி பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி நிறுத்துறது. இதே வகையில 'ரன்-ஆஃப்-த-மில்' இருக்கு, மில்லுல இருந்து தரம் பிரிக்காம வந்தபடி வந்த சரக்கு, அதனால சாதாரணமானதுன்னு அர்த்தம். 'ஆஃப்-த-பெக்'னா அளவெடுத்து தைக்காம கடையில தொங்குறதை அப்படியே எடுத்து வாங்குறது. துணி, மில்லு, தையக்கடையில இருந்து இங்கிலீஷ் எடுத்து வச்சிருக்கிற வார்த்தைங்க எக்கச்சக்கம். இங்கிலாந்து ஒரு காலத்துல ஆட்டு ரோமத்துலயே பணக்கார நாடா ஆனது. அங்க பார்லிமென்ட் மேல்சபையில சபாநாயகர் உக்கார்ற இருக்கை இன்னைக்கும் ரோமம் அடைச்ச ஒரு பெரிய சிவப்பு மெத்தைதான், 14ஆம் நூற்றாண்டுல மூணாம் எட்வர்ட் ராஜா காலத்து வழக்கம் அது. அந்த அளவுக்கு ரோமம் முக்கியமா இருந்த ஊர்ல பேச்சு வழக்கும் அதுல இருந்துதான வரும்.

ஸ்டெப் 2: சாயப்பட்டறைக்கு போங்க

எங்க சித்தப்பா ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில ரொம்ப வருஷம் மேஸ்திரியா இருந்தார். லீவுக்கு போனா கையில நீலம், நகக்கண்ல சிவப்பு, சோத்துல கை வைக்கும்போது சித்தி கத்துவாங்க. அவர்கிட்டதான் முதல்ல இதை கேட்டேன், "சித்தப்பா, துணிக்கு எப்ப சாயம் போடணும்?"னு. அவர் சிரிச்சுட்டு "எப்ப வேணா போடலாம்டா, எவ்ளோ நாள் நிக்கணும்ங்கிறதுதான் கேள்வி"ன்னார். அவர் பருத்திக்காரர், ரோமத்தை தொட்டதே இல்ல, ஆனா விஷயம் ஒண்ணுதான்.

சாயம் ஏத்துறதுக்கு பல கட்டம் இருக்கு. பஞ்சு இல்லன்னா ரோமமா இருக்கும்போது ஏத்தலாம். நூலா திரிச்ச அப்புறம் ஏத்தலாம், நம்ம ஊர்ல கோடு போட்ட லுங்கி, கட்டம் போட்ட சட்டை எல்லாம் இப்படித்தான், நூலுக்கு தனித்தனியா கலர் குடுத்துட்டு அப்புறம்தான் தறிக்கே போகும். துணியா நெய்த அப்புறம் மொத்தமா முக்கலாம். சட்டையா தைச்சு முடிச்ச அப்புறம்கூட முக்கலாம். இத்தாலியில பெனட்டன் கம்பெனி பேர் வாங்குனதே அந்த கடைசி வழியில, ஸ்வெட்டரை சாயம் இல்லாம பின்னி வச்சுக்கிட்டு, அந்த சீசன்ல எந்த கலர் ஓடுதுன்னு பாத்துட்டு அப்புறம் முக்கி எடுத்தாங்க. நம்ம வார்த்தைக்கு நேர் எதிர்ப்பக்கம் அது, கடைசி நிமிஷத்துல கலரை முடிவு பண்றது.

இப்ப பழைய இங்கிலாந்து பட்டறைக்கு வாங்க. ஆட்டுல இருந்து வெட்டின ரோமம் பிசுபிசுன்னு இருக்கும், ஆட்டுக்கொழுப்பு, வேர்வை, மண்ணு எல்லாம் ஒட்டியிருக்கும். இதை அலசாம சாயம் பிடிக்காது. அலச என்ன யூஸ் பண்ணாங்க தெரியுமா, புளிச்சுப்போன மூத்திரம். அதுல வர்ற அமோனியா கொழுப்பை கரைச்சு எடுத்துரும். அப்புறம் படிகாரத்துல ஊற வைப்பாங்க, சாயம் ரோமத்தோட கெட்டியா ஒட்டிக்க அதுதான் பிடி. சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். நீலத்துக்கு வோட்னு ஒரு செடி, அதுக்குள்ள இருக்கிற சாயப்பொருளும் நம்ம அவுரியில இருக்கிறதும் ஒரே பொருள்தான், அவுரியில கூடுதலா இருக்கும், அவ்ளோதான். நீலத்துக்கு மட்டும் படிகாரம் தேவையில்ல, அது தனி ஜாதி. நீலத்தொட்டியில இருந்து ரோமத்தை எடுக்கும்போது அது நீலமா இருக்காது. மஞ்சளும் பச்சையுமா வாந்தி கலர்ல இருக்கும். வெளிக்காத்து பட பட, கண்ணு முன்னாடியே பச்சையாகி அப்புறம் நீலமாகும். முத தடவை பாக்குறவன் மந்திரம்னு நெனைப்பான், அவுரித்தொட்டியில நான் பாத்திருக்கேன், எனக்கே அப்படித்தான் இருந்துச்சு.

ரோமத்துலயே சாயம் போடுறதுல ஒரு பெரிய வசதி இருக்கு. ஒரு கைப்பிடி கொஞ்சம் திட்டா ஏறியிருந்தாலும் கவலை இல்ல, அப்புறம் சீப்பு மாதிரி இருக்கிற பலகையில போட்டு சீவி, கலந்து, நூலா திரிக்கும்போது திட்டு எல்லாம் கரைஞ்சு ஒரே சீரா வந்துரும். இன்னொண்ணு, பல கலர் ரோமத்தை கலந்து புதுசா ஒரு கலரை உருவாக்கலாம். ஸ்காட்லாந்துக்கு மேற்குல இருக்கிற தீவுகள்ல நெய்ற ஹாரிஸ் ட்வீட் துணியை கிட்ட வச்சு பாருங்க. தூரத்துல இருந்து பழுப்புன்னு தெரியும், கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுவந்தா அதுக்குள்ள ஆரஞ்சு, பாசிப்பச்சை, ஊதா, மஞ்சள்னு இழை இழையா தெரியும். ரோமமா இருக்கும்போதே தனித்தனியா சாயம் போட்டு கலந்ததாலதான் அது நடக்குது. அந்த துணிக்குன்னே 1993ல பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல ஒரு சட்டம் போட்டாங்க, ரோமத்துக்கு சாயம் போடுறதும் நூல் நூற்கிறதும் அந்த தீவுகள்லதான் நடக்கணும், தறியில நெய்றது தீவுக்காரங்க வீட்டுல நடக்கணும்னு.

கஷ்டமும் இருக்கு. சீவும்போது விழுற கழிவுல சாயக்காசும் சேந்து போகும். அதை விட முக்கியம், சிவப்புன்னு முடிவு பண்ணி முக்கிட்டா அப்புறம் பச்சை வேணும்னு கஸ்டமர் வந்து நின்னாலும் ஒண்ணும் பண்ண முடியாது. முதல்லயே முடிவு பண்ணியாகணும், அந்த முடிவுல கடைசி வரைக்கும் நிக்கணும்.

ஸ்டெப் 3: ஏன் நிக்குதுன்னு கையால பாருங்க

இதை வாயால சொன்னா ஏறாது. ரெண்டு சின்ன சோதனை.

முதல்ல, ஒரு சொம்பு தண்ணியில மஞ்சத்தூளை கெட்டியா கரைங்க. ஒரு கொத்து பஞ்சையும், இறுக்கமா முறுக்குன தடிச்ச பருத்திக் கயிறு ஒரு துண்டையும் அதுல அஞ்சு நிமிஷம் போட்டு எடுத்து காய வைங்க. அப்புறம் பஞ்சை பிச்சுப் பாருங்க, எங்க பிச்சாலும் மஞ்சள். கயிறை கத்தரியால வெட்டி வெட்டுவாயைப் பாருங்க, ஓரத்துல மஞ்சள், நடுவுல வெள்ளை. முறுக்கு எவ்ளோ இறுக்கமோ அவ்ளோ வெள்ளை. நான் பண்ணப்போ வீட்டுல திட்டு வாங்கினேன், மஞ்சக்கறை சிங்க்குல இருந்து போகவே இல்ல, அதை முன்னாடியே சொல்லிடுறேன்.

ரெண்டாவது இன்னும் சுளுவு. பழைய ஜீன்ஸ் ஒண்ணை எடுங்க, கிழிஞ்ச இடத்துல இருந்து ஒரு நீல இழையை உருவுங்க. முறுக்கைப் பிரிச்சு உள்ள பாருங்க, நடுத்தண்டு வெள்ளையா இருக்கும். ஜீன்ஸ்ல பாவு நூலை திரிச்ச அப்புறம்தான் நீலத்துல முக்கி முக்கி எடுக்குறாங்க, சாயம் மேல்தோலோட நின்னுரும். அதனாலதான் முட்டி தேஞ்சா வெள்ளை எட்டிப்பாக்குது, அதுக்குன்னே காசு குடுத்து வாங்கவும் செய்றோம். ஜீன்ஸ் 'டைட்-இன்-த-வுல்' இல்ல. தேய்க்கத் தேய்க்க அதோட உள்நிறம் தெரிஞ்சுரும்.

ரோமத்துல சாயம் ஏறின நூலை என்ன தேய்ச்சாலும் உள்ள இருந்தும் அதே கலர்தான் வரும், ஏன்னா உள்ளுன்னு தனியா ஒண்ணு அங்க இல்லவே இல்ல. இதுதான் முழு உவமை. அதுக்காக சாயமே மங்காதுன்னு நெனைச்சுக்காதீங்க, வெயில்ல போட்டா எதுவும் மங்கும், அது சாயப்பொருளைப் பொறுத்த விஷயம். மேல ஒரு கலர், தேஞ்சா உள்ள ஒரு கலர்ங்கிற ரெட்டை வேஷம்தான் இங்க கிடையாது.

நம்ம ஊர் கதை ஞாபகம் வருதா, நீலத்தொட்டியில விழுந்து ராஜாவான நரி? மழை பெஞ்சதும் வெளுத்துச்சு. "அவன் சாயம் வெளுத்துப் போச்சு"ன்னு நம்ம சொல்றது அந்த பக்கம். நம்ம மொழி சாயம் போனதைப் பிடிச்சு கேலி பண்ணுது, இங்கிலீஷ் சாயம் போகாததைப் பிடிச்சு ஆளை அளக்குது. ஒரே தொட்டியோட ரெண்டு கரை.

ஸ்டெப் 4: ரோமத்துல இருந்து மனுஷனுக்கு எப்ப தாவுச்சு?

இந்த யோசனை இங்கிலாந்துல பொறந்ததில்ல. கிரேக்க தத்துவஞானி பிளேட்டோ தன்னோட குடியரசு நூல்லயே கிட்டத்தட்ட 2,400 வருஷத்துக்கு முன்னாடி இதே உவமையை வச்சு பேசியிருக்கார். சாயக்காரன் கருஞ்சிவப்பு நிக்கணும்னா முதல்ல வெள்ளை ரோமமா பாத்து பொறுக்குறான், அதை பக்குவம் பண்றான், அப்புறம்தான் சாயத்துல போடுறான், அப்படி ஏறின சாயம் என்ன போட்டு தொவைச்சாலும் போகாது, நாட்டைக் காக்குற வீரர்களுக்கு படிப்பும் பயிற்சியும் குடுக்கிறது அந்த மாதிரித்தான்னு.

அப்புறம் புளூட்டார்க், பெரிய மனுஷங்க வாழ்க்கையை எழுதின பழைய கிரேக்க எழுத்தாளர். கிரேக்க நகரமான ஸ்பார்ட்டாவுக்கு சட்டம் போட்ட லைகர்கஸையும் ரோம் நகரத்தை ஆண்ட நூமாவையும் அவர் ஒப்பிட்டுப் பாக்குறார். நூமா கட்டிவச்ச அமைதி அவரோடயே போச்சு, லைகர்கஸ் போட்ட சட்டம் தலைமுறை தலைமுறையா நின்னுச்சு, காரணம் அவர் சின்னப் புள்ளைங்களுக்கு வளர்ப்புலயே அதை சாயம் மாதிரி ஏத்திட்டார்ங்கிறது புளூட்டார்க்கோட கணக்கு. இதை 1579ல தாமஸ் நார்த்னு ஒருத்தர் இங்கிலீஷுக்கு கொண்டுவந்தார், கிரேக்கத்துல இருந்து நேரா இல்ல, பிரெஞ்சு மொழிபெயர்ப்பை வச்சுக்கிட்டு. அந்த இடத்துல அவர், குழந்தைங்களோட நடத்தையை லைகர்கஸ் கம்பளியிலயே சாயம் ஏத்திட்டார்னு எழுதி, பக்கத்துலயே அடைப்புக்குறிக்குள்ள "சொல்லுவாங்களே, அந்த மாதிரி"ன்னு ஒண்ணு போட்டிருக்கார்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். "சொல்லுவாங்களே"ன்னு போட்டிருக்காருன்னா அது அவரா உண்டாக்குன வார்த்தை இல்ல, 1579லயே தெருவுல ஓடிக்கிட்டு இருந்த பேச்சு. கிரேக்கத்துக்காரர் பொதுவா சாயம்னு சொன்னதை, இந்த மனுஷன் தன் ஊர் பட்டறையில புழங்குற பேச்சைப் போட்டு இறக்கியிருக்கார். மொழிபெயர்க்கிறவன் வேலை அதுதான். நான் தாத்தாவைக் கொன்ன மாதிரி கொல்றது இல்ல.

கவனிங்க, அப்ப இது புள்ளை வளர்ப்பைப் பத்தின பேச்சு. கட்சி, கொள்கை எதுவும் இல்ல. நம்ம "அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமா", "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" எல்லாம் எந்த இடத்துல நிக்குதோ அந்த இடம்.

நடுவுல ஒரு கிளைக்கதை, விட மனசில்ல. இதே குடும்பத்துல 'இன்கிரெயின்ட்'னு ஒரு வார்த்தை இருக்கு, ஊறிப்போன பழக்கம்னு சொல்ல யூஸ் பண்றது. அந்த 'கிரெயின்' கோதுமை மாதிரி தானியம்தான், ஆனா உண்மையில தானியமே இல்ல. மத்தியதரைக்கடல் பக்கம் ஒரு வகை ஓக் மரத்துல ஒட்டுற கெர்மிஸ்ங்கிற பூச்சி, காய வச்சா விதை மாதிரி உருண்டையா இருக்கும், அதை அரைச்சாத்தான் அந்த காலத்து காஸ்ட்லியான சிவப்பு கிடைக்கும். பாத்தவங்க விதைன்னு நெனைச்சு அப்படி பேர் வச்சுட்டாங்க. அந்த சிவப்புல முக்குனது 'டைட் இன் கிரெயின்', அது போகாது, அதுல இருந்து இன்கிரெயின்ட். அந்த பூச்சிக்கு அரபியில கிர்மிஸ், அதுல இருந்துதான் கிரிம்சன்ங்கிற நிறப்பேர் வந்துச்சு. பின்னாடி போனா சமஸ்கிருதத்துல புழுவைக் குறிக்கிற க்ருமி. நம்ம டெட்டால் விளம்பரத்துல வர்ற கிருமி இருக்கே, அதுவும் அங்க இருந்து வந்ததுதான். கிரிம்சன் பட்டுப்புடவையும் கிருமியும் ஒரு வயித்துப் புள்ளைங்க.

சாய விஷயத்துல தமிழும் இங்கிலீஷுக்கு ஒரு வார்த்தை குடுத்திருக்கு. சோழமண்டலக் கரையிலயும் மன்னார், யாழ்ப்பாணம் பக்கமும் மணல்ல தோண்டி எடுத்த சாயவேர், பருத்திக்கு நல்ல சிவப்பு குடுக்கும், டச்சுக்காரங்க ஆட்சியில அதைத் தோண்டுறதே ஒரு பெரிய வரவு. இங்கிலீஷ் அகராதியில 'சே ரூட்'னு இன்னைக்கும் உக்காந்திருக்கு, நம்ம சாயவேர்தான் தேஞ்சு அப்படி ஆயிருச்சு.

ஸ்டெப் 5: கட்சி மேடைக்கு எப்படி வந்துச்சு?

இதுக்கு அட்லாண்டிக்கைத் தாண்டணும். 1830, அமெரிக்கா. டேனியல் வெப்ஸ்டர், மாசசூசெட்ஸ் செனட்டர், பேச்சுல அந்த காலத்துல அவரை அடிச்சுக்க ஆள் இல்ல. எதிர்க்கட்சியைக் குத்தும்போது அவர் சொன்னதோட சாரம் இது: அரை மணி நேரத்துல ஒருத்தர் அசல் டெமாக்ரட்டா, ரோமத்துலயே சாயம் ஏறினவரா வெளிய வந்துரலாம்.

இதுல இருக்கிற ஊசியைப் பாருங்க. ரோமத்துல சாயம் ஏத்துறதுன்னா முதல் நாளே நடக்குற வேலை. அதை எப்படி அரை மணி நேரத்துல முடிக்கிறது? நேத்து வரைக்கும் வேற கட்சி, இன்னைக்கு காலையில சேந்துட்டு "நான் பரம்பரையா இங்கதான்"னு நெஞ்சைத் தட்டுறவனைத்தான் அந்த கிண்டல் தொடுது. காலையில ஒரு கரை வேட்டி, சாயங்காலம் வேற கரை வேட்டின்னு பாத்துப் பழகின நமக்கு இதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. 'தீவிரமான'ன்னு மட்டும் அர்த்தம் வச்சுக்கிட்டு இந்த வரியைப் படிச்சா ஜோக் செத்துரும், ஏன்னா அரை மணி நேரத்துல ஒருத்தன் தீவிரமா ஆகலாம், ஆனா ஆரம்பத்துல இருந்தே இருந்தவனா ஆக முடியாது.

அதுக்கப்புறம் டெமாக்ரட்டுகளும் இதே வார்த்தையை எடுத்து மத்தவங்க மேல திருப்பி வீசினாங்க, அப்படியே அது அரசியல் மேடையில செட்டில் ஆகி, பின்னாடி மெதுவா அரசியல் வாடையும் குறைஞ்சு, இப்ப கிரிக்கெட் ரசிகருக்கும் சொல்றாங்க, காபி தொடாத டீ பிரியருக்கும் சொல்றாங்க.

ஸ்டெப் 6: இப்ப நீங்க எப்படி யூஸ் பண்றது

பெயர்ச்சொல்லுக்கு முன்னாடி வந்தா மூணு ஹைஃபனும் போடுங்க. வாக்கியத்தோட கடைசியில தனியா வந்தா ஹைஃபன் இல்லாமயும் எழுதுவாங்க, அதுக்காக சண்டைக்கு போக வேண்டாம். 'மோர்' சேத்து "இவரை விட அவர் அதிகம் டைட்-இன்-த-வுல்"னு சொல்றது நல்லா இருக்காது, சாயம் ரோமத்துல ஏறுச்சா இல்லையா, ரெண்டுல ஒண்ணுதான்.

எதுக்கு சொல்லணும்னா, ஒருத்தரோட அடையாளமா இருக்கிற விஷயத்துக்கு: கன்சர்வேட்டிவ், லிபரல், ரிபப்ளிகன், யார்க்‌ஷயர்காரன், ஒரு டீமோட ரசிகர், அவநம்பிக்கைக்காரர். போன மாசம் ஆரம்பிச்ச டயட்டுக்கு சொல்லாதீங்க. பசி, கோபம் மாதிரி வந்து போறதுக்கும் சொல்லாதீங்க. நேத்து மதம் மாறுனவர் எவ்ளோ தீவிரமா இருந்தாலும் அவருக்கு இது பொருந்தாது, அவருக்கு 'சீலஸ்' (தீவிர ஆர்வம் உள்ளவர்) மாதிரி வேற வார்த்தை தேடணும்.

பாராட்டா திட்டான்னு கேட்டா, ரெண்டும். தன்னைத்தானே சொல்லிக்கும்போது லேசான பெருமை, கூடவே சிரிப்பு. அடுத்தவனை சொல்லும்போது "இவன்கிட்ட பேசி பிரயோஜனம் இல்ல"ங்கிற சலிப்பு கலந்திருக்கும்.

இதோட போட்டு குழப்புற இன்னொரு வார்த்தை 'டை-ஹார்ட்'. இங்க உண்மையிலயே சாவுதான். 1811 மே 16, ஸ்பெயின்ல அல்புவேரா போர், பிரிட்டிஷ் 57ஆவது ரெஜிமென்ட்டோட கர்னல் இங்லிஸ் அடிபட்டு விழுந்து கிடந்துக்கிட்டே தன் ஆளுங்களைப் பாத்து, சுலபத்துல செத்துராதீங்க, நின்னு சாவுங்கன்னு கத்தினதா சொல்லுவாங்க, அந்த படைக்கே 'டை ஹார்ட்ஸ்'னு பட்டம் நின்னுச்சு. அதனால டை-ஹார்ட்னா தோக்குறது தெரிஞ்சும் விடாம நிக்கிறவன். எப்ப சேந்தான்ங்கிறது அங்க கணக்கே இல்ல. டீம் பதினஞ்சு வருஷமா கப் அடிக்கல, இன்னும் மேட்ச் பாக்குறான்னா டை-ஹார்ட். அப்பா, தாத்தா காலத்துல இருந்து வீட்டுல அந்த டீம்தான், வேற டீம் இருக்குன்னே யோசிச்சதில்லன்னா டைட்-இன்-த-வுல். ஒரே ஆள் ரெண்டுமா இருக்கலாம், பாவம்.

ஸ்டெப் 7: தமிழ்ல என்ன போடுறது

இங்கதான் எனக்கு ரொம்ப நாள் முட்டிக்கிச்சு. எல்லாரும் சட்டுனு சொல்றது 'ஊறிப்போன'. நல்ல வார்த்தைதான், தொட்டி வாசனையும் இருக்கு. ஆனா ஊறுறதுங்கிறது நாள்பட நடக்குறது, மாங்கா ஊறுகாயாகிற மாதிரி. இருபது வயசுல கட்சியில சேந்து அறுபது வயசுல ஊறிப்போகலாம். ரோமத்துல ஏறின சாயம் அப்படி இல்ல, அது முதல் நாளே ஏறினது. அதனால ஆரம்பத்துல அழுத்தம் வேணும்னா 'பிறவி', 'பரம்பரை', 'பொறந்ததுல இருந்தே' எல்லாம் பக்கத்துல வருது. 'ரத்தத்துலயே ஊறின'ன்னா ரெண்டையும் கொஞ்சம் கொஞ்சம் பிடிச்சுரும், ஆனா சினிமா டயலாக் நெடி அடிக்கும். 'பக்கா'வும் 'அக்மார்க்'கும் பேச்சுக்கு சூப்பர், ஆனா அது தரத்தைப் பத்தினது, காலத்தைப் பத்தினது இல்ல. 'பழுத்த'ன்னு சிலர் போடுறாங்க, பழுத்த அரசியல்வாதின்னா அனுபவசாலி, அது வேற ஆளு.

ஒண்ணு மட்டும் எனக்கு ஆச்சரியமா பட்டுச்சு. காமராஜரைப் பெரியார் 'பச்சைத் தமிழர்'னு சொன்னார்ல, அந்த பச்சை கலர் இல்ல, கலப்பில்லாத, பக்குவம் பண்றதுக்கு முன்னாடி இருக்கிற நிலைங்கிற பச்சை, பச்சைத்தண்ணி, பச்சைக்காய் மாதிரி. அங்க சாயம் ஏறாததே அசல். இங்கிலீஷ்காரனுக்கு சாயம் ஏறின ரோமம் அசல். எதிர்த்திசையில இருந்து ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு வந்து சேந்திருக்காங்க.

அகராதிக்காரங்க ஒரே ஒரு சொல்லைத்தான் போட முடியும்னு நின்னா 'ஊறிப்போன' போடட்டும், நான் தடுக்கல. சப்டைட்டில்ல அந்த கட்டாயம் இல்ல, யார் பேசுறா, யாரைப் பாத்து பேசுறான்னு பாத்து வாக்கியத்தையே மாத்திக்கலாம். பேசுறது அரசியல்வாதியா இருந்து எதிரியைக் குத்துறார்னா "இவரு என்னமோ கருவுலயே கொடி பிடிச்ச மாதிரி"ன்னு போடுவேன், வெப்ஸ்டர் அடிச்ச அடி அதுல வரும்.

அந்த டாக்குமென்டரி தாத்தாவுக்கு என்ன போட்டேன்னு கேப்பீங்க. திட்டு வாங்கினதுக்கு அடுத்த நாள் காலையில திருத்தி அனுப்பினது இதுதான்: "எங்க வீட்டுல நான் பொறந்தப்பவே லேபர் கட்சிதான், அப்படியேதான் இருக்கேன்." ஸ்கிரீன்ல ஒரு வரிக்கு நீளம் தாண்டுது, குறைங்கன்னு பதில் வந்துச்சு. "நான் பொறந்ததுல இருந்தே லேபர்"னு வெட்டினேன். பாஸ் பண்ணிட்டாங்க.